நல்ல சவுண்டுக்கு எந்த கார் ஸ்டீரியோ யூனிட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கியவர்களும், ஆன்லைனில் பத்துப் பக்கத்தைத் திறந்து வைத்துக் குழம்பியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். கணக்குகள் எல்லாம் 12 வோல்ட் பேட்டரியும் வலப்பக்க ஸ்டியரிங்கும் உள்ள நம் ஊர் வண்டிகளுக்கானவை.

செட்டை மாத்தினா சவுண்டு நிஜமாவே மாறுமா, இல்ல ஸ்பீக்கரை மாத்தினாதான் மாறுமா?

ஸ்பீக்கர் மாற்றினால் வரும் வித்தியாசம் யார் காதுக்கும் உடனே தெரியும். யூனிட் மாற்றினால் வரும் வித்தியாசம், அந்த யூனிட்டில் இருக்கும் வசதிகளை நீங்கள் உட்கார்ந்து செட் செய்தால்தான் தெரியும். டப்பாவைப் பிரித்து மாட்டிவிட்டு அப்படியே ஓட்டினால் பழையதற்கும் புதியதற்கும் பெரிய மாற்றம் இருக்காது.

யூனிட் மூன்று வேலை செய்கிறது. பாட்டை டிஜிட்டலிலிருந்து அனலாகாக மாற்றுகிறது. டோனைச் சரிசெய்து எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு, எப்போது என்று பிரித்துக் கொடுக்கிறது. கடைசியில் சின்னதாக ஓர் ஆம்ப்ளிஃபயராகவும் இருக்கிறது. முதல் வேலையை இன்று நல்ல பிராண்டு யூனிட்கள் எல்லாமே ஒழுங்காகச் செய்கின்றன. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. காசுக்கு மதிப்பு இரண்டாவது வேலையில்தான்.

ஆகவே, வண்டியோடு வந்த கம்பெனி யூனிட்டில் ஓரளவு ஈக்வலைசர் (ஒலியைப் பகுதி பகுதியாக ஏற்றி இறக்கும் வசதி) இருந்தால் முதல் செலவு முன்கதவு ஸ்பீக்கருக்கும் கதவு டேம்பிங்குக்கும் (தகட்டின் அதிர்வை அடக்கும் ஷீட்) போகட்டும். பேஸ், ட்ரெபிள் என்ற இரண்டைத் தவிர வேறு எதுவும் இல்லாத யூனிட் என்றாலோ, பின்னால் ஆம்ப், சப்வூஃபர் (ஆழ்ந்த பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) போடும் எண்ணம் இருந்தாலோ யூனிட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

டப்பாவுல 50 வாட்ஸ் இன்ட்டு 4னு போட்டிருக்கு. அப்ப மொத்தம் 200 வாட்ஸ்தானே?

இல்லை. எஞ்சின் ஓடும்போது வண்டியில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 51.8 வாட். அந்த 50 வரும் வழி இதுதான். ஆனால் அவ்வளவு வெளிவர வேண்டுமானால் சிக்னல் முழுக்கச் சதுர அலையாக இருக்க வேண்டும், அதாவது பாட்டு முற்றிலும் உடைந்திருக்க வேண்டும். உடையாத அலை அதிகபட்சம் 13 வோல்ட் உச்சத்தைத் தொடும். அதன் ஆர்எம்எஸ் (ஏறி இறங்கும் அலையின் பயனுறு சராசரி) 9.2 வோல்ட், 4 ஓமில் 21 வாட்.

நம்ப வேண்டிய எண் ஸ்பெக் ஷீட்டில் ‘ஆர்எம்எஸ்’ அல்லது ‘சிடிஏ-2006’ என்ற வரியில் இருக்கும். பழைய பெயர் சிஇஏ-2006. 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்குள் டிஸ்டார்ஷன் (ஒலி உடைதல்) என்ற நிபந்தனையில் அளந்தது அது. பெரும்பாலும் 14-லிருந்து 22 வாட்டுக்குள் இருக்கும். அந்த வரியே இல்லையென்றால் யூனிட்டின் பின்னால் உள்ள ஃபியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் உள்ளே போவதே 144 வாட். அதில் ஒரு பகுதி சூடாகவே போய்விடும். வெளியே 200 எங்கிருந்து வரும்?

விதிவிலக்கு உண்டு. சோனியின் டிஎஸ்எக்ஸ்-ஜிஎஸ்80 போன்ற சில மாடல்கள் கிளாஸ் டி ஆம்ப் வைத்துச் சேனலுக்கு 45 வாட் ஆர்எம்எஸ் தருகின்றன. அதற்குப் பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் இழுக்க வேண்டும். வண்டியின் பழைய ஸ்டீரியோ வயரிங் அந்தக் கரன்ட்டைத் தாங்காது.

20 வாட்ஸ் போதுமா அப்போ?

தினசரி ஓட்டத்துக்குத் தாராளம், ஸ்பீக்கரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி எண்ணைப் பாருங்கள். 88 டெசிபல் ஸ்பீக்கரைவிட 92 டெசிபல் ஸ்பீக்கர் அதே சத்தத்துக்குச் சுமார் இரண்டரை மடங்கு குறைவான பவரில் ஓடும். ஆம்ப் போடாமல் யூனிட்டிலிருந்தே ஓட்டுவதானால் 90-க்கு மேல் உள்ளதாக எடுங்கள். ‘300 வாட்ஸ்’ என்று மேலே எழுதிய ஸ்பீக்கரை வாங்கி 20 வாட் யூனிட்டில் மாட்டினால் மந்தமாகத்தான் பாடும்.

வாட்ஸைப் பாக்க வேணாம்னா கடையில வேற என்னத்தைப் பாக்கறது?

ப்ரீ அவுட் (வெளி ஆம்புக்குச் சிக்னல் தரும் சாக்கெட்) எத்தனை ஜோடி, எத்தனை வோல்ட். ஹை பாஸ் (தாழ்ந்த ஒலியை வெட்டுவது), லோ பாஸ் (உயர்ந்த ஒலியை வெட்டுவது) ஃபில்டர் இருக்கிறதா, எந்த ஹெர்ட்ஸில் வைக்கலாம். ஈக்வலைசர் எத்தனை பேண்ட், அதாவது ஒலியை எத்தனை பகுதியாகப் பிரித்துத் திருத்தலாம். டைம் அலைன்மெண்ட் (ஸ்பீக்கர்களின் ஒலியை ஒரே நேரத்தில் காதுக்குக் கொண்டுவருவது) உண்டா. யூஎஸ்பியில் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய பாட்டு ஃபைல்) பாடுமா. இந்த ஐந்துக்கும் கடைக்காரர் வாயிலிருந்து பதில் வாங்குவதைவிட, மாடல் நம்பரைப் போட்டு அந்தக் கம்பெனி தளத்திலிருந்து மேனுவலை இறக்கி, ஆடியோ செட்டிங் பக்கங்களைப் படிப்பது நல்லது. பத்து நிமிடம்கூட ஆகாது. மேனுவலே கிடைக்காத யூனிட் என்றால் அதுவே ஒரு பதில்.

எந்த பிராண்டு பெஸ்ட்டு?

பிராண்டைவிட மாடல் முக்கியம். பயனியர், சோனி, கென்வுட், ஜேவிசி, ஆல்பைன் என எல்லாரிடமும் மூன்று ஜோடி ப்ரீ அவுட்டும் டைம் அலைன்மெண்ட்டும் உள்ள நல்ல யூனிட் உண்டு. பேஸ், ட்ரெபிள் மட்டும் உள்ள அடிமட்ட யூனிட்டும் உண்டு. ஜேவிசியும் கென்வுட்டும் 2008-லிருந்து ஒரே குடும்பம். அந்த இரண்டுக்கும் இடையே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அன்று எது விலை குறைவோ அதை எடுங்கள்.

ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரண்டி கார்டும் கட்டாயம் வாங்குங்கள். ‘பில் இல்லாம ஆயிரம் குறைச்சுத் தரேன்’ என்றால், வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சரக்காகவோ டூப்ளிகேட்டாகவோ இருக்கலாம். கெட்டால் சர்வீஸ் சென்டரில் தொட மாட்டார்கள்.

ப்ரீ அவுட் 2 வோல்ட், 4 வோல்ட்ங்கறாங்களே, அதுல என்ன இருக்கு?

யூனிட்டின் பின்னால் வெளி ஆம்புக்குச் சிக்னல் கொடுக்கும் ஆர்சிஏ சாக்கெட்தான் ப்ரீ அவுட். 2 வோல்ட்டைவிட 4 வோல்ட் சிக்னல் 6 டெசிபல் பலமானது. டேஷ்போர்டிலிருந்து டிக்கி வரை கேபிள் போகும் வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டுக்கும் ஒன்றுதான். சிக்னல் பலமாக இருந்தால் ஆம்பின் கெயினை (வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு) குறைத்து வைக்கலாம், இரைச்சலும் அமுங்கும். அவ்வளவே. வயரிங் சுத்தமாக இருந்தால் 2 வோல்ட்டிலும் இரைச்சல் இல்லாமல் கேட்கலாம்.

வோல்ட்டைவிட ஜோடிக் கணக்கைப் பாருங்கள். மூன்று ஜோடி என்றால் முன், பின், சப் மூன்றையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம். ஒரே ஜோடி என்றால் பெரும்பாலும் பின் ஸ்பீக்கருக்கும் சப்புக்கும் பொதுவாக இருக்கும், மெனுவில் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆம்ப் போடவே போவதில்லை என்றால் இந்தக் கேள்வியையே மறந்துவிடுங்கள்.

டைம் அலைன்மெண்ட்னா என்ன? அது இல்லன்னா ஒண்ணும் குடி முழுகிடாதே?

முழுகாது. ஆனால் பாட்டு வலக்கதவிலிருந்து வருகிற மாதிரியே இருக்கும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் வலக்கதவு ஸ்பீக்கர் கிட்டே, இடக்கதவு ஸ்பீக்கர் தள்ளி. கிட்டே உள்ளதன் ஒலி முதலில் வந்து சேர்ந்துவிடுவதால் பாடகர் உங்கள் வலது முழங்கால் பக்கம் நின்று பாடுகிறார். கிட்டே உள்ள ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால் குரல் டேஷ்போர்டின் நடுவுக்கு வரும். ஒரு யூனிட்டில் காசுக்கு அதிகப் பலன் தரும் வசதி எது என்று கேட்டால் எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

செய்முறை: டிரைவர் தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப் வைத்து அளங்கள். வலது 90 செ.மீ., இடது 135 செ.மீ. என்று வைப்போம். வித்தியாசம் 45 செ.மீ. ஒலி ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 2.9 மில்லி செகண்ட் எடுக்கும். எனவே வலது ஸ்பீக்கருக்கு 1.3 மில்லி செகண்ட் தாமதம். சில யூனிட் தாமதத்தைக் கேட்கும், அதில் கிட்டே உள்ள ஸ்பீக்கருக்கு இந்த 1.3-ஐப் போட வேண்டும். சில யூனிட் தூரத்தைக் கேட்கும், அதில் அளந்த 90, 135 இரண்டையும் அப்படியே போட வேண்டும், கணக்கை அது பார்த்துக்கொள்ளும். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் குரல் இன்னும் வலப்பக்கம் ஓடிவிடும். அப்படி ஓடினால் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பல யூனிட்களில் ‘லிஸனிங் பொசிஷன்’ என்று ஓர் ஆயத்த செட்டிங் இருக்கும். அதில் ‘ஃப்ரன்ட் ரைட்’ எடுங்கள். இடப்பக்க ஸ்டியரிங் ஊர்களுக்காக எடுத்த வீடியோக்களைப் பார்த்து ‘ஃப்ரன்ட் லெஃப்ட்’ வைத்துவிட்டுக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். டிரைவருக்காகச் சரிசெய்தால் பக்கத்து சீட்டில் இருப்பவருக்குக் கெடும். வீட்டில் சண்டை வந்தால் ‘ஆல்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஈக்வலைசர்ல எத்தனை பேண்ட் இருந்தா நல்லது? எப்படி வைக்கணும்?

மூன்று, ஐந்து பேண்ட் போதாது. 10 முதல் 13 வரை இருந்தால் காரின் தொல்லைகளைப் பிடித்துத் திருத்தலாம். அதற்கு மேல் கையில் மைக் வைத்து அளப்பவருக்குத்தான் பிரயோஜனம்.

வைக்கும் விதத்தில் ஒரே விதி: ஏற்றாதீர்கள், இறக்குங்கள். பேஸ் குறைவு என்று 60 ஹெர்ட்ஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்துக்கு நான்கு மடங்கு பவர் வேண்டும். யூனிட்டிடம் இருப்பதே 20 வாட் என்று மேலே பார்த்தோம். விளைவு, பாதி வால்யூமிலேயே பாட்டு உடைகிறது. கதவு ‘தம் தம்’ என்று அடைத்தால் 125-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள். நாதஸ்வரமோ, பெண் குரலோ காதைக் குத்தினால் 2.5-லிருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரை இறக்குங்கள். ‘ராக்’, ‘பாப்’ போன்ற ஆயத்த செட்டிங்குகள் எல்லாமே ஏற்றும் வகை. தொடாமல் விடுவது உத்தமம்.

பேஸ் கொஞ்சம் ஏத்துனாலே டோர் கடகடங்குது. செட்டு சரியில்லையா?

முதல் சந்தேகம் கதவு மேல் போகட்டும். கதவுத் தகடு மெல்லியது, உள்ளே கம்பியும் கிளிப்பும் ஆடும். ஸ்பீக்கரைச் சுற்றியும் வெளித்தகட்டின் உள்பக்கமும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி, ரோலரால் அழுத்தித் தேய்த்தால் பாதி பிரச்சினை போய்விடும். அடியில் உள்ள தண்ணீர் வடியும் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள், மழைக்காலத்தில் கதவுக்குள் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும்.

அடுத்தது ஹை பாஸ் ஃபில்டர். சப்வூஃபர் இருந்தால் கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ், இல்லாவிட்டால் 50 அல்லது 60. கதவு ஸ்பீக்கரால் ஒழுங்காகக் கொடுக்க முடியாத ஆழத்தை அதற்கு அனுப்பாமல் வெட்டினால், இருக்கும் பவர் குரலுக்கும் மேளத்துக்கும் போகிறது. இன்னும் இரண்டு படி வால்யூம் வைத்தாலும் உடையாது. பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றிக் கொடுக்கும் லவுட்னஸ் பட்டன் மெதுவாகக் கேட்கும்போது மட்டும் ஆனில் இருக்கட்டும்.

ப்ளூடூத்ல போட்டா பாட்டு சப்புனு இருக்கு, அதே பாட்டு யூஎஸ்பில நல்லாருக்கு. ஏன் சார்?

போன் வால்யூமை முதலில் பாருங்கள். ப்ளூடூத்தில் சில போன்கள் தன் வால்யூமையும் யூனிட் வால்யூமையும் தனித்தனியாக வைத்திருக்கும். போன் பாதியில் இருந்தால் யூனிட்டை ஏற்ற வேண்டியிருக்கும், சவுண்டும் ஒல்லியாகத்தான் வரும். போனை முழுதாக வைத்து யூனிட்டில் கட்டுப்படுத்துங்கள்.

பிறகு கோடெக், அதாவது ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை. எல்லா யூனிட்டிலும் உள்ள எஸ்பிசி, வழக்கமான உயர்தர அமைப்பில் விநாடிக்கு 328 கிலோபிட். ஐபோன் ஏஏசி அனுப்பும். எல்டாக் 990 வரை போகும், ஆனால் போன், யூனிட் இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் அந்த ப்ளூடூத் இணைப்பின் செட்டிங்கில் ‘ஹெச்டி ஆடியோ’ போன்ற ஒரு சுவிட்ச் அணைந்து கிடந்தால் எஸ்பிசிக்கே இறங்கிவிடும்.

மூலப் பாட்டையும் சந்தேகியுங்கள். எண்பதுகளின் பாடல்களை எங்கெங்கிருந்தோ இறக்கிய 128 கிலோபிட் எம்பி3 தொகுப்புகள்தான் பலர் பென் டிரைவில் கிடக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டியிருக்கும், சிம்பல் ஓசை ‘ஸ்வ்ஷ்’ என்று தண்ணீர் போலக் கரையும். அதை ப்ளூடூத் மறுபடி ஒருமுறை சுருக்குகிறது. 320 எம்பி3 அல்லது ஃபிளாக் போட்டுப் பாருங்கள். பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்யுங்கள், எக்ஸ்ஃபேட் என்றால் பல யூனிட் படிக்காது.

வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ப்ளூடூத் மாதிரிதானே?

இல்லை. ஜோடி சேர மட்டும் ப்ளூடூத், பாட்டு வைஃபையில் வருகிறது. மேலே சொன்ன எஸ்பிசி இடுக்கு இதில் கிடையாது. வயரில் மாட்டினால் சவுண்டு கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தடங்கல் குறையும், போன் சூடாவது குறையும். பாட்டு ஆப்பில் ‘டேட்டா சேவர்’ ஆனில் இருந்தால் எந்த வழியில் அனுப்பினாலும் மோசமாகத்தான் இருக்கும்.

4 ஜிபி ரேம், 9 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் பத்தாயிரத்துக்குள்ள கிடைக்குதே, அதை விட்டுட்டு எதுக்கு பிராண்டு?

மேப், யூடியூப், ரிவர்ஸ் கேமராதான் தேவை என்றால் தாராளமாக வாங்குங்கள். சவுண்டுக்காக என்றால், ரேமுக்கும் சவுண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த விலையில் காசு முழுக்க ஸ்க்ரீனுக்குப் போயிருக்கும். ஆம்ப் சிப்பின் ஹீட் சிங்க் விரல் தடிமன்கூட இருக்காது. ‘32 பேண்ட் டிஎஸ்பி’ (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் வசதி) என்று அழகாக ஸ்லைடர் படம் காட்டும், பின்னால் ஒன்றும் நடக்காது.

கடையிலேயே சோதிக்கலாம். முன் ஸ்பீக்கர் ஹை பாஸை 200 ஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள். பேஸ் காணாமல் போக வேண்டும். ஒரு பேச்சுப் பதிவை ஓடவிட்டு வலது ஸ்பீக்கருக்கு 3 மில்லி செகண்ட் தாமதம் கொடுங்கள். குரல் பளிச்சென்று இடப்பக்கம் நகர வேண்டும். பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை முக்கால் வரை ஏற்றுங்கள். ‘ஸ்ஸ்’ இரைச்சல் பெரிதாகக் கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணையும் நம்பாதீர்கள், செட்டிங் பக்கத்தில் புதிய எண்ணை எழுதிவைத்துப் பழையதை ஓட்டுவது இந்த வியாபாரத்தில் சகஜம். இதே வகையில் நிஜ டிஎஸ்பி சிப்பும் ஒழுங்கான ப்ரீ அவுட்டும் உள்ள யூனிட்களும் இருக்கின்றன, விலை இரண்டு மடங்குக்கு மேல்.

பத்தாயிரம்தான் பட்ஜெட், சவுண்டுதான் முக்கியம் என்றால் சிடி இல்லாத சிங்கிள் டின் (ஒற்றை உயர அளவு) பிராண்டு யூனிட், மேப்புக்கு ஒரு போன் ஹோல்டர். பார்க்கப் பழைய மாதிரி இருக்கும். சாவி திருப்பியதும் பாடும்.

கடையில கேட்டப்ப சூப்பரா இருந்துச்சு. வண்டில அப்படி இல்லையே?

கடை டெமோ போர்டில் இருக்கும் ஸ்பீக்கர் வேறு, பெட்டி வேறு, பின்னால் ஆம்பும் ஒளிந்திருக்கலாம். லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் எல்லாம் ஆனில் இருக்கும். உங்கள் பென் டிரைவைக் கொண்டுபோய், ஈக்வலைசரை ஃபிளாட் ஆக்கி, இரண்டு யூனிட்டையும் ஒரே ஸ்பீக்கரில், ஒரே சத்தத்தில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். சத்தம் கொஞ்சம் கூடுதலாக உள்ளதுதான் காதுக்கு எப்போதும் ‘நல்லது’ போலப் படும், அதில் ஏமாறாதீர்கள்.

என் வண்டிக்கு எந்த சைஸ் உக்காரும்?

சிங்கிள் டின் 180க்கு 50 மி.மீ., டபுள் டின் 180க்கு 100. டொயோட்டா வண்டிகள் பலவற்றில் 200க்கு 100. 9, 10 இன்ச் ஸ்க்ரீனுக்கு உங்கள் மாடலுக்கென்றே அச்சிட்ட ஃபிரேம் வேண்டும். பொதுவான ஃபிரேமில் இடைவெளி விழும், குண்டும் குழியுமான ரோட்டில் கிரீச்சிடும்.

ஃபிட்டர் கம்பெனி வயரை வெட்டித்தான் மாட்டணும்ங்கறாரு. வேற வழியே இல்லையா?

உண்டு. உங்கள் வண்டிக்கான கப்ளர் (வண்டியின் சாக்கெட்டில் நேராகச் சேரும் இணைப்பு) வாங்கினால் ஒரு வயரும் வெட்டாமல் மாட்டலாம். வெட்டினால் எலெக்ட்ரிகல் வாரண்டியில் பிரச்சினை வரும், நாளை பழைய யூனிட்டைத் திரும்ப மாட்டவும் முடியாது. ஸ்டியரிங் பட்டன் வேலை செய்யச் சில வண்டிகளுக்கு, பட்டன் சிக்னலை யூனிட்டுக்குப் புரியும்படி மாற்றும் கேன்பஸ் பாக்ஸும் தேவை.

பிராண்டு யூனிட்களின் வயர் நிறங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி: மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி வழியாக வரும் 12 வோல்ட், கறுப்பு எர்த், நீலம்-வெள்ளை ஆம்பை எழுப்பும் ரிமோட். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு ஓடினால் அது மைனஸ். ஒவ்வொரு முறை வண்டியை அணைத்ததும் ஸ்டேஷனும் ஈக்வலைசரும் அழிந்துபோனால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. சில ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளின் சாக்கெட்டில் இது வழக்கம். அங்கே இரண்டையும் மாற்றிக் குத்த வேண்டும்.

புது செட்டு போட்டதுலேர்ந்து எஃப்எம் கரகரங்குது.

பின்கண்ணாடியிலோ கூரைமேல் சுறாத் துடுப்பு மாதிரியோ ஆன்டெனா உள்ள வண்டிகளில் ஒரு சின்ன பூஸ்டர் இருக்கும். அதற்கு 12 வோல்ட் தேவை. யூனிட்டின் தனி நீல வயர் அதற்குத்தான், ஃபிட்டர்கள் அதை டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். வண்டிக்கேற்ற ஆன்டெனா அடாப்டர் வாங்கி, அதில் வரும் நீல வயரை இதோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பீக்கர், செட்டு எல்லாம் புதுசு. ஆனா பேஸே இல்ல, குரல் எங்கேயோ மிதக்குது.

ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். ஒன்று வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒற்றை ஸ்பீக்கரில் பேஸ் கூடுகிறது, இரண்டும் சேர்ந்தால் குறைகிறது என்றால் இதுதான் காரணம்.

உறுதிப்படுத்த, யூனிட்டின் பின்னால் ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியைக் கண நேரம் தொட்டு எடுங்கள். பிளஸ் வயரில் பேட்டரியின் பிளஸ் பட்டால் கூம்பு வெளியே குதிக்க வேண்டும். உள்ளே போனால் அந்தக் கதவில் வயரை மாற்றிப் போடுங்கள். ட்வீட்டரில் கண்டென்சர் இருப்பதால் இந்தச் சோதனை அதற்குச் செல்லாது.

நாலு ஸ்பீக்கரோட பின்னாடி இன்னும் ரெண்டு சேத்துக்கலாமா?

ஒரே சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இணையாகக் கோர்த்தால் 2 ஓம் ஆகும். யூனிட் 4 முதல் 8 ஓம் வரை என்று எழுதியிருந்தால் சூடாகி, வெயில் நேரத்தில் தானாக அணையும். ஒருநாள் ஆம்ப் சிப்பே போய்விடும். பின்னால் கூட்டுவதைவிட ஃபேடரை (முன், பின் சத்தத்தைப் பங்கிடும் செட்டிங்) முன்பக்கம் நகர்த்தி முன் ஜோடியை நல்லதாக்குங்கள்.

கம்பெனி ஸ்க்ரீன்லயே ஏசி, 360 கேமரா எல்லாம் இருக்கு. மாத்தவே முடியாது. அப்ப எனக்கு வழி?

யூனிட்டைத் தொடாதீர்கள். ஹை லெவல் இன்புட் உள்ள டிஎஸ்பி ஆம்ப் ஒன்றை, ஸ்பீக்கர் வயர்களிலிருந்து சிக்னல் எடுத்து, சீட்டுக்கு அடியில் மாட்டுங்கள். ஈக்வலைசர், ஃபில்டர், டைம் அலைன்மெண்ட் மூன்றும் அதில் வந்துவிடும். வண்டிக்கேற்ற கப்ளர் உள்ளதாகப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று: பல கம்பெனி யூனிட்கள் சின்ன ஸ்பீக்கரைக் காப்பாற்ற, வால்யூம் ஏற ஏறப் பேஸைத் தானாகவே குறைக்கும். கம்பெனி யூனிட்டை அது குறைக்கத் தொடங்கும் இடத்துக்குக் கீழே ஒரே வால்யூமில் விட்டு, ஆம்போடு வரும் குமிழில் சத்தத்தை ஏற்றி இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

ஆம்ப் போட்டாச்சு. கெயின் எங்க வைக்கணும்? ஃபிட்டர் ஃபுல்லா திருப்பி வெச்சிருக்காரு.

கெயின் வால்யூம் குமிழ் அல்ல. யூனிட் அனுப்பும் வோல்ட்டுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு அது. முழுக்கத் திருப்பினால் இரைச்சலும் உடைசலும்தான் மிச்சம். தேவை ஒரு மல்டிமீட்டர், பென் டிரைவில் 0 டெசிபல் டெஸ்ட் டோன்கள்: கதவு ஸ்பீக்கருக்கு 200 ஹெர்ட்ஸ், சப்புக்கு 50. மலிவு மீட்டர்கள் 1 கிலோஹெர்ட்ஸை ஒழுங்காக அளக்காது, அதனால் குறைந்த டோன்.

ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். ஈக்வலைசர் ஃபிளாட், லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் ஆஃப், கெயின் அடிமட்டம். வண்டியைத் திறந்த இடத்தில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, யூனிட் வால்யூமை முக்காலில், அதாவது 40 வரை போகும் யூனிட் என்றால் 30-இல் வைத்து டோனை ஓட்டுங்கள். வர வேண்டிய வோல்ட் என்பது ஆம்பின் ஆர்எம்எஸ் வாட்டையும் ஓமையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். 60 வாட், 4 ஓம் என்றால் 15.5 வோல்ட். சப்புக்கு 250 வாட், 2 ஓம் என்றால் 22.4. ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் அளந்தபடியே மெதுவாகத் திருகி, அந்த எண் வந்ததும் நிறுத்துங்கள். இனி யூனிட்டில் 30-ஐத் தாண்டாதீர்கள்.

ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல ‘ஙீ’ன்னு ஒரு சத்தம் ஏறுது. எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன்.

ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) இரைச்சல் இது. பேட்டரி வயரும் ஆர்சிஏ கேபிளும் ஒரே பக்கமாகப் போகிறதா என்று பாருங்கள். ஒன்று இடப்பக்கம் என்றால் மற்றது வலப்பக்கம் போகட்டும். ஆம்பின் எர்த் வயர் அரை மீட்டருக்குள், பெயிண்ட்டைச் சுரண்டிய தகட்டில் போல்ட் போட்டு இறுக்கியதாக இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் போகவில்லை என்றால், யூனிட் ஆனில் இருக்கும்போதே யாரோ ஆர்சிஏ பின்னைக் கழற்றி மாட்டியிருக்கலாம். சில யூனிட்களில் ஆர்சிஏவின் வெளிவளையத்தை எர்த்தோடு இணைக்க உள்ளே மயிரிழை போன்ற ஒரு பிக்கோ ஃபியூஸ் இருக்கிறது. அப்படிக் கழற்றி மாட்டும்போது அது எரிந்துவிடும். சோதிக்க, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தோல் உரித்த ஒரு துண்டு வயரை ஆர்சிஏ பின்னின் வெளிவளையத்தில் சுற்றி, மறுமுனையை யூனிட்டின் உலோக உடம்பில் ஒரு திருகுக்கு அடியில் இறுக்குங்கள். வண்டியைக் கிளப்பியதும் இரைச்சல் நின்றால் ஃபியூஸ் போனது உறுதி. வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அந்த வயரை அப்படியே நன்றாக இறுக்கிவிட்டு ஓட்டலாம். இனி ஆர்சிஏவைத் தொடும் முன் யூனிட்டின் மஞ்சள் வயர் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள்.